சுஜாதாவின் மறைவும் வாசகர் இரங்கலும்: ஒரு கையறுநிலைப் பார்வை

முன்னுரை

ஓர் எழுத்தாளர் மறையும்போது அவரை ஒருமுறைகூட நேரில் பார்த்திராதவர்களும் கண் கலங்குகின்றனர். அவர்கள் உறவினரும் அல்லர், ஊராரும் அல்லர். அப்படியானால் அவர்கள் எதை இழந்தார்கள்? 2008ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் எழுத்தாளர் சுஜாதா தமது 72ஆம் வயதில் சென்னையில் காலமானார். அதன்பின் வாசகர்கள் எழுதிய நினைவுரைகளைப் படிக்கும் எவருக்கும் இவ்வினா எழாமல் போகாது.

இக்கட்டுரை அவ்வினாவுக்கு விடை தேட முற்படுகிறது. சங்க இலக்கியம் இறந்தாரைப் பாடிய முறையை முதலில் கண்டு, அதன்பின் சுஜாதாவின் வாசகர்கள் அவரை நினைவுகூர்ந்த முறையைக் காண்போம். நான் பிறந்து வளர்ந்த கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து வாசகர் சிலரின் நினைவுகளையும் சான்றாகக் கொண்டுள்ளேன். சுஜாதா மறைந்தபோது நான் பள்ளிக்குச் செல்லாத சிறு பிள்ளை. எனவே இங்குக் கூறப்படுபவை பிறர் சொல்லக் கேட்டும் பின்னாளில் படித்தும் அறிந்தவையே.

சுஜாதா என்ற ரங்கராஜன்

சுஜாதாவின் இயற்பெயர் ரங்கராஜன். 1935ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் சென்னையில் பிறந்த அவர், திருவரங்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தார். திருச்சி புனித சூசையப்பர் கல்லூரியில் இயற்பியலும், பின்னர் சென்னை குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி.யில் மின்னணுவியலும் பயின்றார். விமானப் போக்குவரத்துத் துறையில் சில காலம் பணியாற்றியபின் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளரானார். இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் அவருக்கு முக்கியப் பங்குண்டு. 2004ஆம் ஆண்டு இந்தியப் பொதுத் தேர்தல் முழுவதும் அவ்வகை இயந்திரங்களைக் கொண்டே நடைபெற்றது.

மனைவியின் பெயரையே புனைபெயராகக் கொண்டு அவர் எழுதியவை பல. கணேஷ், வசந்த் எனும் இரு வழக்கறிஞர்கள் துப்பறியும் நாவல்கள், ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ போன்ற ஊர் நினைவுக் கதைகள், நாடகங்கள், திரைப்பட வசனங்கள் என அப்பட்டியல் நீளும். ஆயினும் அறிவியல் புனைகதை என்றதும் தமிழர் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருபவை 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’வும், அதன் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’வும் ஆகும். பேசவும் படிக்கவும் சிந்திக்கவும் தெரிந்த இயந்திர நாயான ஜீனோ அக்கதைகளின் உயிர்நாடி எனலாம். மனிதர்களின் பெயர்கூட இரண்டெழுத்தைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்படுத்தும் ஓர் அரசின் கீழ் கதை நடக்கிறது.

புனைகதைக்கு அப்பால், ஜூனியர் விகடனில் வாசகர் கேள்விகளுக்கு விடையளித்த ‘ஏன்? எதற்கு? எப்படி?’ பகுதியும், மனித மூளையைப் பற்றிய ‘தலைமைச் செயலகம்’ எனும் நூலும் அவருடைய அறிவியல் பணிக்குச் சான்றுகளாகும். மூளைக்குத் தலைமைச் செயலகம் என்று பெயரிட்டதிலேயே பாதிப் பாடம் முடிந்துவிடுகிறது.

சங்கப் புலவர் இரங்கிய முறை

இறந்தவரை எண்ணி இருப்பவர் செயலற்றுப் புலம்புவதைத் தமிழ் இலக்கணம் ‘கையறுநிலை’ என்கிறது. தொல்காப்பியம் இதனைக் காஞ்சித் திணையில் அடக்குகிறது. புறநானூற்றில் இத்துறைப் பாடல்கள் பொதுவியல் திணையில் காணப்படுகின்றன.

அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடியதும் கையறுநிலையே. அவர் அரசனின் போர் வெற்றிகளை அடுக்கவில்லை. மது சிறிதளவு கிடைத்தால் அவன் என்ன செய்வான், நிறையக் கிடைத்தால் என்ன செய்வான், சோற்றை எப்படிப் பகிர்ந்துகொள்வான் என்று சொல்லத் தொடங்குகிறார். பாரி இறந்தபின் அவன் மகளிர் பாடிய பாடலிலோ தந்தையைப் புகழும் அடைமொழி ஒன்றுகூட இல்லை. நிலவு, தந்தை, குன்று, பகைவரின் வெற்றி முரசு ஆகியவையே அதில் உள்ளன. ஆயினும் இருவகைப் பாடலும் இரண்டாயிரம் ஆண்டுகளாகப் படிப்போரைக் கலங்க வைக்கின்றன. ‘அவர் பெரியவர்’ என்று சொல்லாமல் ‘அவரிடமிருந்து நான் பெற்றது இது’ என்று சொல்வதே அவற்றின் வலிமையாகும்.

இவற்றோடு எண்ணத்தக்கது பிசிராந்தையாரின் நட்பு. பாண்டிய நாட்டுப் பிசிர் எனும் ஊரில் வாழ்ந்த இப்புலவரும் உறையூரில் இருந்த கோப்பெருஞ்சோழனும் ஒருவரையொருவர் கண்டதில்லை. கேள்வியாலேயே நட்பு வளர்ந்தது. சோழன் வடக்கிருந்து உயிர்துறக்க முடிவு செய்தபோது, தம் அருகில் அவருக்கும் ஓர் இடம் ஒதுக்கச் சொன்னான். அவர் எங்கே வரப்போகிறார் என்று பிறர் ஐயுற்றனர். ஆனால் பிசிராந்தையார் வந்தே சேர்ந்தார். சோழனோடு தாமும் வடக்கிருந்தார்.

காணாமலே வளரும் இந்நட்புக்கு இன்று நிகரானது எழுத்தாளருக்கும் வாசகருக்கும் உள்ள உறவுதான். சுஜாதா வளர்ந்த திருவரங்கத்திலிருந்து காவிரியைக் கடந்தால் அதே உறையூர் வருகிறது. ‘புறநானூறு: ஓர் எளிய அறிமுகம்’ எனும் நூலை எழுதி, புறநானூற்றுப் பாடல்களை இன்றைய தமிழில் தந்தவரும் அவரே என்பது குறிப்பிடத்தக்கது.

‘வாத்தியார்’ என்ற சொல்

பிரபலமானவர்கள் மறையும்போது நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் தொடர்கள் சில உள்ளன. ‘ஈடு செய்ய இயலாத இழப்பு’, ‘தமிழுலகம் ஓர் ஒப்பற்ற படைப்பாளியை இழந்துவிட்டது’, ‘அன்னாரின் ஆன்மா சாந்தியடையப் பிரார்த்திப்போம்’ ஆகியவை அவற்றுள் அடங்கும். இத்தொடர்களில் தவறேதும் இல்லை. மரியாதைக்கு அவை தேவை. ஆனால் பெயரை மாற்றிவிட்டால் அதே தொடர்கள் வேறு எவருக்கும் பொருந்தும்.

சுஜாதாவின் வாசகர்கள் அவருக்கு வழங்கிய சொல் வேறு. அவர்கள் அவரை ‘வாத்தியார்’ என்றனர். வகுப்பறையில் ஒருநாளும் தங்களுக்குப் பாடம் எடுத்திராத ஒருவரை இவ்வாறு அழைத்தது ஏன்? கணினி என்ற சொல்லையே அவரிடம்தான் முதலில் கற்றோம் என்றவர்கள் உண்டு. அவரைப் படித்ததால் பொறியியல் படிக்கத் துணிந்தோம் என்றவர்கள் உண்டு. சிறிய வாக்கியம் எழுதவும், தேவையற்ற சொல்லை நீக்கவும் அவரிடமே பயின்றதாகக் கூறும் எழுத்தாளர்களும் உண்டு. இவை அனைத்தும் ‘நான் பெற்றது இது’ என்ற வகையைச் சேர்ந்தவை. அறிந்தோ அறியாமலோ வாசகர்கள் ஔவையாரின் வழியில் சென்றிருக்கிறார்கள்.

இங்கு மற்றொரு மறைவையும் ஒப்புநோக்கலாம். சுஜாதா மறைந்து மூன்றே வாரத்தில், 2008 மார்ச் 19ஆம் நாள், ஆங்கில அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் கொழும்பில் காலமானார். 1956 முதல் இலங்கையையே இருப்பிடமாகக் கொண்டவர் அவர். பூமியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் தகவல்தொடர்புத் துணைக்கோள்களை நிறுத்தலாம் என்று 1945இலேயே எழுதியவர். அச்சுற்றுப்பாதையை இன்றும் கிளார்க்கின் பெயரால் குறிப்பிடுவதுண்டு. ஒருவரின் பெயரைக் கல்லில் பொறிப்பது ஒருவகை நினைவுச் சின்னம். அன்றாடம் பயன்படும் ஒன்றில் அப்பெயர் தங்கிவிடுவது மற்றொரு வகை.

மலைத் தோட்டத்து வாசகர்கள்

கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டு போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. அக்காலம் தொட்டுக் கொழுந்து பறித்த தமிழர் குடும்பங்கள் லயங்களில் வாழ்ந்துவந்தன. தமிழ்நாட்டு வார இதழ்கள் கீழ்நாட்டு ஊர்களில் விற்றுத் தீர்ந்தபின், சில வேளைகளில் பல வாரம் தாமதமாக, தானா ராத்தா, ரிங்லெட் கடைகள் வழியே எங்கள் தோட்டத்தை எட்டும். ஓர் இதழ் ஐந்தாறு வீடுகளுக்குச் சென்று திரும்பும்போது அட்டை இருக்காது.

எங்கள் தோட்டத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் இயந்திரங்களைப் பழுது பார்த்த பெரியவர் ஒருவர், தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துத் தைத்துப் புத்தகமாக்கி வைத்திருந்தார். மலைக்குளிரில் காகிதம் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால் அவற்றைப் பிஸ்கட் தகரத்தில் அடைத்து, அடுப்படிக்கு மேலே வைத்திருப்பார். சுஜாதாவைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்னது ஒரே வாக்கியம்தான்: “மிஷின பாத்து பயப்படாம, அது ஏன் ஓடுதுன்னு கேக்கச் சொல்லிக் குடுத்தாரு.”

இன்னொருவர், நாற்பது ஆண்டு கொழுந்து பறித்த பாட்டி. எழுத்துக்கூட்டிப் படிக்க மட்டுமே தெரிந்தவர். வேலை முடிந்து வந்தபின் அவருடைய கணவர் ‘என் இனிய இயந்திரா’வை உரக்கப் படிப்பாராம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து உட்காருவார்களாம். அதன்பின் எங்கள் லயத்தில் பிறந்த நாய்க்குட்டிகளில் ஒன்றுக்காவது ஜீனோ என்று பெயர் வைப்பது வழக்கமாகிவிட்டது. நான் சிறுவனாக இருந்தபோதும் ஒரு ஜீனோ இருந்தது. அப்பெயர் எங்கிருந்து வந்தது என்பது அன்று எனக்குத் தெரியாது.

2008இல் எழுத்தாளர் இறந்த செய்தியைச் சொன்னபோது அப்பாட்டி, “அந்த நாய் கதைய எழுதுன ஆளா?” என்று கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லையாம். கணவர் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். “அவரு படிச்சுக் காட்டுன கொரல் இன்னும் காதுல கேக்குதுய்யா” என்று என்னிடம் கூறினார். அவர் இழந்தது ஓர் எழுத்தாளரை மட்டுமன்று. அக்கதை ஒலித்த வீட்டையும், படித்தவரையும், சுற்றி அமர்ந்திருந்த பிள்ளைகளையும் சேர்த்தே அவர் நினைத்திருக்கிறார். வாசகர் இரங்கலின் ஆழம் இதுதான். ஒரு நூலை நினைக்கும்போது, அதை நமக்குத் தந்தவரும் உடன் நினைவுக்கு வருகிறார்.

அறிவியல் தமிழும் நமது கடனும்

சுஜாதா மறைந்த 2008ஆம் ஆண்டில் மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல், கணிதப் பாடங்கள் ஆங்கிலத்தில் போதிக்கப்பட்டு வந்தன. 2003இல் தொடங்கிய அக்கொள்கை கைவிடப்படும் என்று 2009இல் அறிவிக்கப்பட்டது. பின்னர் ஆரம்பப்பள்ளிகள் படிப்படியாகத் தாய்மொழிக்குத் திரும்பின. அவ்விடைப்பட்ட காலத்தில் எங்கள் வட்டாரத்து ஆசிரியை ஒருவர், தமிழ்மொழிப் பாட வேளையில் ‘ஏன்? எதற்கு? எப்படி?’ நூலிலிருந்து வாரம் ஒரு கேள்வியை வாசித்துக் காட்டியிருக்கிறார். வானம் ஏன் நீலம் என்று தமிழிலும் கேட்கலாம், தமிழிலும் விடை சொல்லலாம் என்பது அம்மாணவர்களுக்குத் தெரிந்தது அந்த ஐந்து நிமிடத்தில்தான்.

என் தலைமுறைக்கு வேறொரு நிலை. ஆரம்பப்பள்ளியில் ஒளிச்சேர்க்கை, ஈர்ப்பு விசை என்று படித்தோம். தேசிய இடைநிலைப்பள்ளியில் காலெடுத்து வைத்த நாளிலிருந்து அச்சொற்களுக்கு வேலையில்லாமல் போயிற்று. தமிழ் என்றால் இலக்கணமும் செய்யுளும், அறிவியல் என்றால் வேறு மொழி என்று மனம் பிரித்துக்கொண்டது. படிவம் நான்கில் அந்தப் பிஸ்கட் தகரத்துப் பக்கங்களைப் படித்தபோதுதான் அப்பிரிவினை தேவையற்றது என்று எனக்குப் புரிந்தது. நான் பெற்றது இது.

ஆகவே, ‘ஈடு செய்ய இயலாத இழப்பு’ என்று மட்டும் சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள இயலாது. ஈடு செய்ய இயலாது என்றால் நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்றாகிவிடுகிறது. ஆசிரியரின் இடத்தை யாரும் நிரப்ப இயலாது. ஆனால் அவர் கற்பித்த பாடத்தை மாணவர்கள் தொடர்ந்து சொல்லித்தர இயலும்.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால், வாசகர் இரங்கல் என்பது புகழுரையன்று, பெற்றதற்கான கணக்கு என்பது தெளிவாகிறது. சங்கப் புலவர் முதல் லயத்துப் பாட்டி வரை நல்ல நினைவுரைகள் யாவும் ஏதேனும் ஒரு பொருளை, ஒரு பழக்கத்தை, ஒரு குரலைப் பற்றிக்கொண்டே பேசியிருக்கின்றன.

மாணவ நண்பர்களே, நமது தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் குறைந்து வருகின்றன. உரக்கப் படித்த தலைமுறையும் நம்மைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு வீடு திரும்பும்போது மூத்தவர் ஒருவரிடம், “நீங்க சின்ன வயசுல யாரப் படிச்சீங்க? யாரு படிச்சுக் காட்டுனா?” என்று கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். அறிவியல் பயிலும் நண்பர்கள் தாம் படித்ததில் ஒன்றையாவது தமிழில் விளக்கி ஒரு தமிழ்ப்பள்ளி மாணவனுக்குக் கொடுங்கள். வாத்தியாருக்கு நாம் செலுத்தக்கூடிய அஞ்சலி அதுவே.