கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை

மூன்று வயதாகியும் பிள்ளை கதைக்கவில்லை என்றால் எங்கள் ஊர்களில் இரண்டு மறுமொழிகள் தயாராக இருக்கும். "ஆம்பிளைப் பிள்ளை, பிந்தித்தான் கதைப்பான்" என்பது ஒன்று. "2009இல தாய் பட்ட பயம்தான் பிள்ளையில நிக்குது" என்பது மற்றது. இரண்டையும் ஒதுக்கிவைத்துவிட்டு, இப்பாடத்தில் பிள்ளையையே சற்றுக் கவனிப்போம்.

முற்றத்தில் ஒரு சிறுவன் புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்குகிறான். ஒன்றை எடுத்தால் வீரிட்டு அழுகிறான். கவிழ்த்துவைத்த சைக்கிளின் சில்லை மணிக்கணக்காகச் சுற்றிப் பார்க்கிறான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. பிஸ்கட் பைக்கற்றின் சத்தம் கேட்டால் ஓடிவருகிறான். தண்ணீர் வேண்டுமானால் தாயின் கையை இழுத்துச் சென்று பானையில் வைக்கிறான். ஆனால் வயலில் கொக்கு இறங்கினால், "அம்மா, அங்க பார்" என்பதுபோல விரல் நீட்டுவதில்லை. இந்தக் கடைசி அடையாளத்தை மறக்கவேண்டாம். வேண்டியதைக் கேட்பது வேறு, கண்டதை மற்றவருக்குக் காட்டி மகிழ்வது வேறு. ஒன்றரை வயதுக்குள் பிள்ளைகள் பெரும்பாலும் இப்படிக் காட்டத் தொடங்கிவிடுவார்கள்.

இத்தகைய அடையாளங்கள் சேர்ந்து காணப்படும் நிலையை ஓட்டிசம் என்பார்கள். இது மூளை வளரும் விதத்தில் உள்ள ஒரு வேறுபாடு. பரம்பரைக்கு இதில் பெரும் பங்குண்டு. 1943இல் லியோ கானர் என்ற வைத்தியர் அமெரிக்காவில் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அதன்பின் பல வருடங்களாகத் தாயின் பாசக்குறைவே காரணம் என்று படித்தவர்களே பழி சுமத்தினார்கள். அது பிழை. தடுப்பூசியால் வருகிறது என்று சந்தேகம் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையையும் அதை வெளியிட்ட சஞ்சிகையே 2010இல் மீளப் பெற்றுக்கொண்டது. தாய்மாரே, நீங்கள் பதுங்குகுழியில் பயந்திருந்ததோ, பிள்ளையை விட்டுவிட்டுக் கூலிவேலைக்குப் போனதோ இதைக் கொண்டுவரவில்லை.

இது அரிதானதுமல்ல. இலங்கையில் ஒன்றரை முதல் இரண்டு வயது வரையான 374 பிள்ளைகளிடம் செய்து 2009இல் வெளியான ஓர் ஆய்வு, 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் இருப்பதாகக் கண்டது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் யோசிக்கவைக்கிறது.

கதைக்கப் பிந்தும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஓட்டிசம் என்று எண்ணிவிடவேண்டாம். காது கேளாமலிருக்கலாம். இருப்பது, நடப்பது எல்லாமே பிந்தும் பிள்ளைக்குப் பொதுவான வளர்ச்சித் தாமதம் இருக்கலாம். நன்றாகக் கதைத்து விளையாடிய பிள்ளை ஒரு பயங்கரத்தைக் கண்டபின் மௌனமாவது இன்னொன்று. எதுவென்று அயலவர் தீர்மானிக்க முடியாது. சொல்லிக்கொண்டிருந்த சொற்களைக் குழந்தை இழந்தால் ஒரு மாதமும் காத்திருக்கவேண்டாம்.

குடும்பநல உத்தியோகத்தரிடம் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், வெட்கப்பட எதுவுமில்லை. காதுப் பரிசோதனை கேளுங்கள். நூல் கட்டுவதையும் நேர்த்தி வைப்பதையும் நாம் தடுக்கவில்லை, அதற்காகக் கிளினிக் திகதியைத் தவறவிடாதீர்கள். ஓட்டிசத்தை முற்றாக மாற்றும் மருந்து எதுவும் இல்லை. இருப்பதாகச் சொல்லிப் பணம் கேட்பவரை நம்பவேண்டாம்.

பழக்கினால் பிள்ளை முன்னேறும். பானையடிக்கு இழுத்துப்போகிறானா? அவன் முகத்துக்கு நேரே குந்தியிருந்து, பேணியைக் காட்டி, "தண்ணி" என்று ஒரு சொல் மட்டும் சொல்லிப் பத்து எண்ணும்வரை பொறுங்கள். ஒரு பார்வையோ ஒரு சத்தமோ வந்தாலும் உடனே கொடுங்கள். வராவிட்டாலும் கொடுங்கள், நாளைக்கும் அப்படியே செய்யுங்கள். கோழிக்குத் தீன் போடும்போதும் குளிக்கவார்க்கும்போதும் இதே முறைதான். பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறுத்தால், ஊனத்தைக் காரணம் காட்டி அனுமதி மறுக்கக்கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்வதை எடுத்துக்கூறுங்கள்.

இப்பிள்ளைகளில் பலர் சொல்லாமல் நடந்துபோய்விடுவார்கள். தண்ணீரைக் கண்டால் அங்கேயே போவார்கள். மீளக் குடியேறிய வளவில் கிணற்றுக்குக் கட்டு இல்லையென்றால், கட்டும்வரை காத்திராமல் இன்றே தடியும் முள்ளும் போட்டு அடையுங்கள். வாய்க்கால் பக்கத்து வீட்டாருக்கும் மாடு மேய்ப்பவர்களுக்கும் சொல்லிவையுங்கள்: "கூப்பிட்டால் திரும்பமாட்டான், கையைப் பிடித்துக் கூட்டிவாருங்கோ."