நாலு தந்தி, ஆளுக்கொரு பாடம்

உகுலேலே சுலபமான வாத்தியம், அதனால் பத்துப் பேரை உட்காரவைத்து ஒரே பாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று பலரும் நம்புகிறார்கள். எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. நாலே தந்தி, அதுவும் நைலான். சி கார்டுக்கு ஒரு விரல் போதும். ஆனால் அந்தச் சுலபம் முதல் வாரத்தோடு சரி. ஜி கார்டுக்கு மூன்று விரல் வேண்டும். அங்கேதான் ஏழு வயதுப் பிள்ளைக்கு விரல் எட்டாமல் போகிறது; மண்வெட்டி பிடித்துக் காய்த்த கைக்கோ ஒரு தந்தியை அழுத்தினால் பக்கத்துத் தந்தியும் அடைபடுகிறது. பிள்ளைக்கு 21 அங்குல சோப்ரானோ, பெரிய கைக்கு 26 அங்குல டெனர் என்று வாத்தியத்தின் அளவே மாறும்போது பாடம் மட்டும் எப்படி ஒன்றாக இருக்கும்?

விரலைவிடப் பெரிய காரணம் குரல். உகுலேலேயின் மூன்றாம் தந்தி சி, நம் கணக்கில் ஒரு கட்டை. ஆண் குரலுக்கு அது பெரும்பாலும் ஒத்துவரும். அவருக்கு அந்தத் தந்தியைத் திறந்து மீட்டினால் சட்ஜம், முதல் ஃப்ரெட்டில் ரிஷபம், இரண்டாம் தந்தியைத் திறந்து மீட்டினால் காந்தாரம் என்று மாயாமாளவகௌளை சரளி வரிசையே கைக்கு வந்துவிடும். பெண்களும் பிள்ளைகளும் நாலு, ஐந்து கட்டையில் பாடுகிறவர்கள். அவர்களையும் சி-யிலேயே பாடவைத்தால் குரல் அமுங்கிப்போகும், பாட்டே பிடிக்காமல் போகும். அவர்களுக்கு முதல் பாடம் நாலு கட்டையான எஃப்-இல் தொடங்கட்டும்: எஃப் கார்டுக்கு இரண்டு விரல், சி செவனுக்கு ஒரு விரல். இந்த இரண்டை வைத்தே எளிய தாலாட்டும் பிள்ளைப் பாட்டும் பாடிவிடலாம். ஆகவே ஆசிரியர் முதலில் கேட்க வேண்டியது மாணவரின் குரலை. எந்தக் கார்டில் தொடங்குவது என்பது அதற்குப் பிறகுதான்.

கூட்டாகச் சொல்லிக்கொடுத்து ஜெயித்தவர்கள் உண்டே என்று கேட்கலாம். உண்டு. 1960களின் பிற்பகுதியில் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரப் பள்ளிகளில் சால்மர்ஸ் டோன் வகுப்பு வகுப்பாக உகுலேலே கற்பித்தார். ஆனால் அங்கே ஒரு வகுப்பில் எல்லாரும் ஒரே வயது. கையும் குரலும் ஏறக்குறைய ஒன்று. இடையஞ்சாவடி போன்ற ஊரில் மாலையில் கூடினால் பள்ளிப் பிள்ளை, வேலை முடித்து வந்த கொத்தனார், பேரனோடு வந்த பாட்டி என்று மூன்று தலைமுறை ஒரே திண்ணையில் இருக்கும். ஆளுக்கொரு பாடம் என்றால் செலவு கட்டாதே என்பது நியாயமான கவலை. ஆளுக்குப் பத்து நிமிடம் தனியாக, மீதி நேரம் எல்லாரும் சேர்ந்து வாசிப்பது என்று வைத்தால் ஓர் ஆசிரியரே ஆறு பேரைப் பார்த்துக்கொள்ளலாம்.

இது நம் வாத்தியமா என்பாரும் உண்டு. ஹவாய்க்கும் இது வந்தேறியதுதான்: 1879இல் ரேவன்ஸ்கிராக் கப்பலில் மதேராத் தீவிலிருந்து போனவர்கள் கொண்டுசென்ற சிறு கிதாரிலிருந்து பிறந்தது. வயலினைப் பாலுசுவாமி தீட்சிதர் நமதாக்கினார். மாண்டலினை ஐந்து தந்தியாக மாற்றித் தன் கைக்கு இணக்கினார் ஸ்ரீனிவாஸ். கமகத்துக்கு உகுலேலே போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்; ஓசை சட்டென்று அடங்கிவிடும், ராக ஆலாபனைக்கு வீணையே தகும். ஆனால் பாடுகிறவருக்குத் துணையாக இருக்க உகுலேலே போதும். இடையஞ்சாவடிக்குப் பக்கத்துக் கோட்டக்கரையில் ஸ்வரம் பட்டறை 2003 முதல் சுற்றுவட்டார இளைஞர்களுக்கு வாத்தியம் செய்யப் பழக்கிவருகிறது. செய்யும் கை இருக்கிற இடத்தில் வாசிக்கும் கையும் வளர வேண்டும்.

மரக்காணம் பக்கத்து உப்புக் காற்றில் நைலான் தந்தி துருப்பிடிக்காது, முறுக்காணியின் பல்சக்கரம் துருப்பிடிக்கும். வாசித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து உறையில் வையுங்கள். புதுத் தந்தி சில நாள் இழுபட்டுக்கொண்டே இருக்கும், தினமும் சுருதி கூட்டுங்கள். வாத்தியம் வாங்குமுன் பிள்ளையை ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்கள். அதை முழுதாகக் கேட்டுவிட்டுப் பாடம் தொடங்குகிற ஆசிரியரிடம் சேருங்கள்.