முப்பதைத் தொட்ட ரன்னிங் பேக்

கேள்வி: அமெரிக்கக் கால்பந்து ஃபேன்டஸி லீகில் வயதான ரன்னிங் பேக்கை எடுக்கலாமா?

பதில்: 28 வயதைத் தாண்டியவருக்கு முதல் சுற்று வாய்ப்பைச் செலவிடுவது பெரும்பாலும் ஆபத்து. பந்தை மார்போடு இறுக்கிக்கொண்டு, நூறு கிலோவைத் தாண்டிய தடுப்பாட்டக்காரர்கள்மீது மோதி ஓடுவதுதான் அவர் வேலை. ஒரே சீசனில் 300 முறை அப்படி ஓடினால் முழங்கால் எத்தனை நாள் தாங்கும்?

டாட் கர்லியின் கதை மனதைப் பிசையும். 2017-இல் என்.எஃப்.எல். தொழில்முறை லீகின் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர். மறு ஆண்டு, ஓடியே 17 டச் டவுன். அதற்குள் இடது முழங்கால் படுத்த ஆரம்பித்தது. 2020 மார்ச்சில் ராம்ஸ் அணி அவரை விடுவித்தது. அட்லாண்டாவில் ஒரே சீசன், அத்தோடு சரி. அப்போது வயது 26தான்!

ஷான் அலெக்சாண்டர் 2005-இல் 1,880 யார்டு ஓடினார். கால் எலும்பு முறிவோடு கழிந்த அடுத்த ஆண்டு வெறும் 896. பத்து யார்டுக்கு ஒரு புள்ளி என்ற வழக்கமான கணக்கில், அவரை நம்பியவருக்கு ஏறத்தாழ 98 புள்ளி போயிற்று.

ஆனால் டெரிக் ஹென்றி? பால்டிமோர் அணிக்குப் போய், 2024-இல் 30 வயதில் 1,921 யார்டு, ஓட்டத்தில் 16 டச் டவுன். பக்கத்தில், தானும் ஓடக்கூடிய குவாட்டர்பேக் லாமர் ஜாக்சன் நின்றால் எதிரணி யாரைப் பிடிக்கும்?

அதனால், ஒரே சீசன் லீக் என்றால் நல்ல அணியில் ஆடும் மூத்தவரை மூன்றாம் சுற்றில் எடுங்கள். ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் லீக் என்றால், 27 ஆவதற்குள் கைமாற்றிவிடுங்கள்.