கோழி முற்றத்து நிழல்

விருத்தாசலம் என்று இக்காலத்தில் வழங்கும் ஊருக்கு முதுகுன்றம் என்பது பழந்தமிழ்ப் பெயர். மணிமுத்தாற்றின் கரையில் அமைந்த இவ்வூரில் பழமலைநாதர் கோயில் உளது. பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழிலைக் கற்பிக்கும் நிலையமும் உள. சூளைகளில் மண் வேகும் ஊர் இது. சித்திரை முதிர்ந்து கத்திரி வெயில் தொடங்கிவிட்டால், ஊரே ஒரு சூளையாகிவிட்டதோ என்று ஐயுறும்படி வெப்பம் மிகும். மக்கள் வீட்டினுள் ஒடுங்குவர். மாடுகள் மரத்தடியைத் தேடும். முற்றத்தில் திரியும் கோழி எங்கே செல்லும்?

இவ்வினாவை யான் உரிய காலத்தில் எண்ணிப் பார்க்கவில்லை. பள்ளிப் பணியினின்று ஓய்வு பெற்ற ஆண்டில் பன்னிரண்டு நாட்டுக்கோழிகள் வாங்கினேன். தோட்டத்து மூலையில் நின்ற புங்கமரம் சருகு உதிர்த்து முற்றத்தைக் குப்பையாக்குகிறது என்று கருதி, அதனை வெட்டுவித்தேன். தகரக் கூரையிட்ட கூடு ஒன்றும் அமைத்தேன். முற்றம் துடைத்துவைத்த தாம்பாளம்போல் இருந்தது. அடுத்த கத்திரியில் ஒரு நாள் பிற்பகல் ஐந்து கோழிகள் அலகைத் திறந்தவாறே மாண்டு கிடந்தன. கொள்ளைநோய் என்று அஞ்சிக் கால்நடை மருத்துவரை அழைத்து வந்தேன். அவர் கூட்டினுள் கையை நீட்டிப் பார்த்து, "ஐயா, இது நோய் அன்று, வெயில்" என்றார்.

மாணவர்களே, கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. அதன் உடல் வெப்பம் இயல்பாகவே ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். வெப்பம் மிகும்போது அது வாயைத் திறந்து இளைத்தே உடலைத் தணித்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு இளைக்குங்கால் கரியமில வாயு மிகுதியாக வெளியேறிவிடுகிறது. முட்டையோடு உருவாவதற்கு அவ்வாயுவும் சுண்ணச் சத்தும் சேர வேண்டும். ஆதலால், கோடையில் இடும் முட்டையின் ஓடு மெலிந்து, தொட்டவுடன் உடைகிறது. தணிக்க இயலாத அளவு வெப்பம் ஏறினால் உயிரே போய்விடும்.

உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் வழங்கியது; முருகன் கொடியிலும் சேவல் உண்டு. இங்ஙனம் நெடுங்காலம் நம்மோடு வாழ்ந்த பறவையின் பிறந்தகம் காடு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நாட்டுக்கோழியின் முன்னோர் காட்டுக்கோழிகளே. மேலே அடர்ந்த கிளை, கீழே ஒளிந்துகொள்ளப் புதர், காலடியில் கிளறுதற்குச் சருகு ஆகிய மூன்றும் உள்ள இடமே அதற்கு ஏற்ற முற்றம். யான் தூய்மை என்று எண்ணியது கோழிக்குப் பாலைநிலமாயிற்று. யான் வெறுத்த சருகின் அடியில்தான் அதன் இரையாகிய புழுவும் கறையானும் இருந்தன.

மரத்தைத் தேரும்போது அதன் அழகைப் பின்னர்ப் பார்க்கலாம்; அஃது எத்திங்களில் இலை உதிர்க்கும் என்பதை முதலில் கேட்க வேண்டும். செம்மயிற்கொன்றை காண்பார் கண்ணைக் கவரும். ஆனால், பங்குனி வெயிலில் அது வெறுங்கிளையாய் நிற்கும். உதியமரமும் கோடையில் மொட்டையே. வேம்பும் புங்கும் மாசி பங்குனியில் பழைய இலையை உதிர்ப்பினும், விரைவில் தளிர்த்துக் கத்திரிக்கு முன்னரே நிழல் தரும். புங்கைப் பழைய நூல்கள் புன்கு எனக் குறிக்கும். பழமலைநாதர் கோயிலின் தலமரம் வன்னி. கோயில் கட்டிய தொழிலாளர்க்குக் கூலியாக அளித்த வன்னியிலை பொன்னாயிற்று என்பது தலவரலாறு. வன்னி வறட்சியைத் தாங்கி, கோடையிலும் பசுமையாக நிற்கும். எனினும் அதன் நிழல் மெல்லியது, வளர்ச்சியும் மெதுவானது. அதன் இனத்ததாகிய சீமைக்கருவேலத்தையோ முற்றத்தில் விடவே கூடாது. அதன் முள் கோழியின் பாதத்தில் ஏறிச் சீழ்கொள்ளும்.

எத்திசையில் நடுவது? குளிர்நாட்டு நூல்கள் தெற்குப் புறத்தில் நடுக என்று கூறும். நம் ஊர் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ 11½ பாகையில் உள்ளது. ஏப்ரல் மாதத்தின் பிற்பகுதியில் ஞாயிறு நம் உச்சிக்கு நேரே வந்து, மே மாதத்தில் உச்சியைக் கடந்து வடபால் செல்கிறது. கோழியைக் கொல்லும் பிற்பகல் வெயில் மேற்கிலும் வடமேற்கிலும் இருந்து வருவது. ஆகவே, மரம் அப்பக்கங்களில் நிற்றல் வேண்டும். கிளை கூட்டின் கூரையைத் தொடாமலும் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். தொட்டால் மரநாய்க்கு அதுவே ஏணி. காற்றையும் எண்ண வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூர், புதுச்சேரிப் பகுதியில் கரையைக் கடந்த தானே புயல் இம்மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் திரள்திரளாகச் சாய்த்தது. எளிதில் முறியும் முருங்கையைக் கூட்டிலிருந்து எட்டவே நடுதல் நன்று. அதன் கீரை நமக்கும் கோழிக்கும் உதவும்.

முந்திரித் தோப்பு உடையார்க்குத் தாழ்ந்து படர்ந்த நிழல் இயல்பாகவே கிடைக்கும். ஆனால், தேயிலைக் கொசுவுக்கு மருந்து தெளிக்கும் நாட்களில் கோழியை அங்கே விடலாகாது.

குஞ்சுகளுக்கு மேல்நிழலினும் புதரே உயிர்காப்பு. வானில் பருந்தின் நிழல் தோன்றியதும் தாய் எழுப்பும் குரலைக் கேட்டு அவை ஓடுமே, அந்த ஓட்டம் பத்தடிக்குள் முடிய வேண்டும். நொச்சியும் ஆடாதோடையும் இதற்கு ஏற்றவை. ஆடு கடிக்காமையால் அவை அழியாமல் அடர்ந்திருக்கும். அரளி, எருக்கு, ஆமணக்கு, குன்றிமணி என்பன நஞ்சுடையவை, வேலியிலும் வேண்டா. மாடு விரும்பும் சவுண்டல் தழையில் மைமோசின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. அதனைக் கோழிக்கு மிகுதியாக இடலாகாது.

ஐப்பசி மழைத் தொடக்கத்தில் கன்று நடலாம். புங்கு நிழல் தரச் சில ஆண்டுகள் செல்லும். அதுவரை விரைந்து வளரும் அகத்தி அவ்விடத்தைக் காக்கும். இளங்கன்றின் வேரைக் கோழியே கிளறிவிடும் ஆதலின், சுற்றிலும் செங்கல் அடுக்க வேண்டும். நம் ஊரில் எளிதில் கிடைக்கிறதென்று உடைந்த பீங்கான் ஓடுகளை யான் பரப்பினேன். ஒரு பெட்டைக்கோழி காலை அறுத்துக்கொண்டது. அன்றே அவற்றைப் பொறுக்கி எடுத்தேன்.

வெட்டுண்ட புங்கின் அடிக்கட்டை அடுத்த மழையிலேயே துளிர்த்தது. இப்பொழுது அது கூரையைவிட உயர்ந்துவிட்டது. அதன் அடியில் அகன்ற மண்சட்டியில் நீர் வைத்திருக்கிறேன். சருகைப் பெருக்குவதில்லை. சென்ற கத்திரியில் நண்பகல்தோறும் கோழிகள் அச்சருகில் குழி பறித்து, சிறகை விரித்துப் படுத்திருந்தன.