கண்ட்ரோல்–எஸ் அழுத்தியும் ஏன் சேவ் ஆகவில்லை?

(கணினிப் பொறியியல் பிரிவு, இரண்டாம் ஆண்டு மாணவி)

ஆண்டு மலருக்குக் கவிதை எழுதித் தர நம்மிடம் ஆள் நிறைய உண்டு. எனக்குக் கவிதை வராது. எனக்கு நேர்ந்த ஒரு நஷ்டத்தையும், அதன் காரணத்தைத் தேடிப் போய் நான் படித்த ஒரு பழைய பாடத்தையும் எழுதுகிறேன்.

மூன்றாம் செமஸ்டர், சி லேப். மேட்ரிக்ஸ் பெருக்கல் புரோகிராமை டர்போ சி–யில் அடித்துக்கொண்டிருந்தேன். நான் ஜாக்கிரதையான பெண். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை கண்ட்ரோல்–எஸ் அழுத்தினேன். பிரவுசிங் சென்டரில் வேர்டில் பயோடேட்டா அடிக்கும்போது கற்றுக்கொண்ட பழக்கம். கரண்ட் போனது. யு.பி.எஸ்ஸும் கைவிட்டது. மறுபடி ஆன் செய்தால் நாற்பது நிமிஷ வேலையில் ஒரு வரிகூட இல்லை. "எஃப்2 அழுத்தணும்னு கூடவா தெரியாது?" என்றார்கள்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறார். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. "இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், எனக்குத்தான் தெரியல" என்று நினைத்து, அன்று மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. பிறகு விசாரித்தால் என் பெஞ்சிலேயே இன்னும் மூன்று பேருக்குத் தெரியாது. அவர்கள் மூவர் வீட்டிலும் கம்ப்யூட்டர் இருக்கிறது!

சரி, நான் அழுத்திய கண்ட்ரோல்–எஸ் என்னதான் செய்தது? கர்சரை ஓர் எழுத்து இடது பக்கம் தள்ளியது. அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் கர்சர் நகர்ந்ததைப் பார்த்து, யோசிக்காமல் வலது அம்புக்குறியைத் தட்டிவிட்டு நான் தொடர்ந்து அடித்திருக்கிறேன். எஸ் என்றால் 'சேவ்' இல்லாமல் 'இடது' என்று யார் வைத்தார்கள்?

வைத்தது வேர்ட்ஸ்டார். சீமோர் ரூபின்ஸ்டைன் என்பவர் 1978–இல் அமெரிக்காவில் மைக்ரோப்ரோ என்ற கம்பெனியைத் தொடங்கினார். ராப் பார்னபி என்ற புரோகிராமர் அசெம்பிளி மொழியில் எழுதிய வேர்ட்ஸ்டார் 1979–இல் விற்பனைக்கு வந்தது. சிபி/எம் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஓடியது. அன்றைய மெஷின்களை நினைத்துப் பாருங்கள். மவுஸ் இல்லை. பல டெர்மினல்களில் அம்புக்குறி கீ தனியாகக் கிடையாது. வீடுகளில் புகழ்பெற்ற ஆப்பிள் 2–இல் இடது, வலது மட்டும் உண்டு; மேலே கீழே போக கீ இல்லை. ஆரம்பத்தில் அதில் சின்ன எழுத்துகூட வராது, வரிக்கு 40 எழுத்துதான். 1980–இல் மைக்ரோசாப்ட் விற்ற இஸட்80 கார்டை உள்ளே செருகி, 80 எழுத்துக்குத் தனியாக இன்னொரு கார்டும் போட்டுத்தான் அதில் வேர்ட்ஸ்டார் ஓட்டினார்கள்.

இப்போது உங்கள் இடது கையைக் கீபோர்டில் வையுங்கள். டைப்ரைட்டிங் லோயர் முடித்தவர்களுக்கு உடனே புரியும். ஏ, எஸ், டி, எஃப் நம் விரல்களின் சொந்த வீடு. இதில் எஸ் இடது, டி வலது. மேல் வரிசையில் இருக்கும் இ மேலே, கீழ் வரிசையில் இருக்கும் எக்ஸ் கீழே. நான்கும் ஒரு வைர வடிவம். அதற்கு வெளிச்சுற்றில் ஏ ஒரு சொல் இடதுக்கு, எஃப் ஒரு சொல் வலதுக்கு, ஆர் ஒரு திரை மேலே, சி ஒரு திரை கீழே. அதே கீக்கு முன்னால் கண்ட்ரோல்–கியூ சேர்த்தால் அந்த நகர்வு பெரிதாகும். கியூ எஸ் வரியின் தொடக்கம், கியூ டி வரியின் முடிவு, கியூ ஆர் கோப்பின் தலை, கியூ சி கோப்பின் வால். மனப்பாடமே வேண்டாம், கை எந்தத் திசையோ அதே திசை. அப்போது பல கீபோர்டுகளில் கண்ட்ரோல் கீ, இன்று கேப்ஸ்லாக் இருக்கும் இடத்தில், ஏ–க்குப் பக்கத்திலேயே இருந்தது. சுண்டுவிரல் சும்மா சாய்ந்தால் போதும். பிறகு அதை மூலைக்குத் தள்ளிவிட்டார்கள். என் சுண்டுவிரல் வலிக்கு அதுதான் காரணம் என்பேன்.

வேர்ட்ஸ்டாரைச் சாதாரண மனிதர்களிடம் கொண்டு போன மெஷின்களில் ஒன்று ஆஸ்பார்ன் 1. 1981 ஏப்ரலில் வந்தது. தையல் மிஷின் பெட்டி மாதிரி தூக்கிக்கொண்டு போகலாம், ஆனால் 11 கிலோ. விலை 1,795 டாலர். தனியாக வாங்கினால் 495 டாலர் ஆகும் வேர்ட்ஸ்டாரை இதோடு சேர்த்தே கொடுத்தார்கள். இதைத் தயாரித்த ஆடம் ஆஸ்பார்ன் யார் என்று படித்தபோது எழுந்தே நின்றுவிட்டேன். பாங்காக்கில் 1939–இல் பிறந்த அவர் வளர்ந்தது நம் திருவண்ணாமலையில்! அப்பா ஆர்தர் ஆஸ்பார்ன் ரமண மகரிஷியின் பக்தர். சின்ன வயதில் ஆடம் தமிழ் பேசுவாராம். கம்பெனி 1983–இல் திவாலானது. 2003–இல் கொடைக்கானலில் காலமானார். கிரிவலம் போகும்போது யாராவது இதைச் சொன்னதுண்டா?

ஆஸ்பார்னின் திரை 5 அங்குலம். ஒரு பார்வைக்கு 52 எழுத்து. கடிதத்தின் வரி அதைவிட நீளம், எனவே ஜன்னலை நகர்த்தி நகர்த்திப் படிக்க வேண்டும். மெமரி 64 கேபி. நம் போனில் ஒரு போட்டோகூட அதில் அடங்காது. அதற்குள் சிபி/எம், வேர்ட்ஸ்டார், நீங்கள் அடிக்கும் கட்டுரை மூன்றும் இருக்க வேண்டும். அதனால் புரோகிராம் முழுவதும் மெமரிக்கு வராது. தேவைப்படும் துண்டை பிளாப்பியிலிருந்து எடுத்து, பழைய துண்டின் மேலேயே வைத்துக்கொள்ளும். கட்டுரையும் அப்படித்தான், மெமரியில் ஒரு பகுதி, மிச்சம் டிஸ்க்கில். இதனால் மெமரியைவிடப் பெரிய கோப்பையும் எழுத முடிந்தது. ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் ஓவர்லே என்று இரண்டு மார்க் கேள்வியாகப் படிக்கிறோமே, அது இதுதான்.

ஆனால் ஒரு கண்ணி உண்டு. சேவ் செய்யும்போது பழைய கோப்பை அழிக்காமல் பேக்கப்பாக வைத்துவிட்டுத்தான் புதியதை எழுதும். ஆஸ்பார்னின் ஒரு பிளாப்பியில் கிடைப்பது ஏறத்தாழ 90 கேபி. கோப்பு அதில் பாதியைத் தாண்டினால் இரண்டுக்கும் இடம் போதாது, 'டிஸ்க் நிறைந்துவிட்டது' என்று நிற்கும். அப்போது எழுத்தை விட்டு வெளியே வராமலே கண்ட்ரோல்–கே ஜே போட்டு வேறு ஏதாவது ஒரு கோப்பைப் பலி கொடுக்கலாம். அன்றைக்கும் என்னைப் போல அழுதவர்கள் இருந்திருப்பார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது வரி மடங்கும் விதம். டைப்ரைட்டரில் ஓரம் நெருங்கினால் மணி அடிக்கும், நாம் லீவரைத் தள்ள வேண்டும். வேர்ட்ஸ்டார் தானே அடுத்த வரிக்குப் போகும். நாம் என்டர் தட்டினால் கோப்பில் 13 என்ற எண் விழும். அது தானாக மடக்கினால் 141 விழும். 13–உடன் 128 கூட்டிப் பாருங்கள். ஆஸ்கிக்கு 7 பிட் போதும், சும்மா கிடந்த எட்டாவது பிட்டை 'இது நான் போட்டது' என்ற அடையாளமாக வைத்துக்கொண்டது. பாராவுக்கு நடுவில் ஒரு சொல்லைச் சேர்த்துக் கண்ட்ரோல்–பி தட்டினால், தான் போட்ட மடிப்புகளை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி அடுக்கும். நாம் போட்டதைத் தொடாது. பல சொற்களின் கடைசி எழுத்திலும் இந்த பிட்டை ஏற்றிவிடும். 97 ஆக இருந்த எழுத்து 225 ஆகிவிடும். அந்தக் கோப்பை வேறு புரோகிராமில் திறந்தால் சொல்லுக்குச் சொல் கடைசியில் குப்பை எழுத்து. புரோகிராம் எழுதுபவர்களுக்காக, இந்த வேலை எதுவும் செய்யாத தனி முறை ஒன்றும் அதில் இருந்தது. பிற்காலத்தில் டிஸ்கி, டேப் போன்ற எழுத்து முறைகள் நம் தமிழை உட்காரவைத்ததும் அதே 128–க்கு மேற்பட்ட இடத்தில்தான். வேர்ட்ஸ்டார் அங்கே முதலிலேயே துண்டு போட்டு வைத்துவிட்டது!

இந்தக் கீகள் நம் லேப்புக்கு வந்த வழி நேரானது. 1983–இல் போர்லாண்ட் கம்பெனி டர்போ பாஸ்கல் வெளியிட்டபோது, எல்லார் கையும் வேர்ட்ஸ்டாருக்குப் பழகியிருந்ததால் எடிட்டரில் அதே கீகளை வைத்தார்கள். 1987–இல் டர்போ சி, 1990–இல் டர்போ சி ப்ளஸ் ப்ளஸ், எல்லாவற்றிலும் அதுவே தொடர்ந்தது. எனவே லேப்பில் காப்பி எடுக்க கண்ட்ரோல்–சி அழுத்தினால் பக்கம் கீழே ஓடும். கண்ட்ரோல்–ஒய் இன்னும் ஆபத்து, வேர்டில் அது ரீடூ, இங்கே முழு வரியையும் தின்றுவிடும். (ஆல்ட்–பேக்ஸ்பேஸ் போட்டால் திரும்பி வரும்.) காப்பி எடுக்க, தொடக்கத்தில் கண்ட்ரோல்–கே பி, முடிவில் கே கே, வேண்டிய இடத்தில் கே சி. நகர்த்த கே வி, அழிக்க கே ஒய். சேவுக்கு எஃப்2, எஃப்2, எஃப்2.

பழசு என்று சிரிக்க வேண்டாம். ஆர்தர் சி. கிளார்க் 1982–இல் வெளிவந்த தம் '2010' நாவலைக் கொழும்பில் உட்கார்ந்து வேர்ட்ஸ்டாரில்தான் எழுதினார். முழு நாவலும் ஒரே பிளாப்பியில் நியூயார்க் போனது. ராபர்ட் சாயர் என்ற கனடா நாட்டு எழுத்தாளர், 1992–இல் வந்த வேர்ட்ஸ்டார் 7–ஐ இன்றைய கம்ப்யூட்டரில் ஓடும்படி 2024–இல் எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்திருக்கிறார். நான் அதை டவுன்லோடு செய்து, டைப்ரைட்டிங் கற்றுக்கொடுத்த மாஸ்டரிடம் காட்டினேன். மவுஸையே பிடிக்காத மனுஷர். வைர வடிவத்தை ஒரு முறைதான் சொன்னேன். கீபோர்டைக் குனிந்து பார்க்காமல் ஒரு பக்கம் லெட்டர் அடித்து, நடுவில் இரண்டு வரியை மாற்றிப் போட்டுவிட்டு, "இதை ஏம்மா எடுத்தாங்க?" என்றார்.

மூன்றாவது வரிசையில் மவுஸ் இல்லாத சிஸ்டம் ஒன்று இருக்கிறதே, யாரும் உட்கார மாட்டார்களே, பிராக்டிகல் அன்று அதை எனக்கே கொடுங்கள் என்று லேப் அண்ணாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.