மாடல் காருக்குக் கண்ணாடிப் பளபளப்பு

கேள்வி: 1/24 அளவு மாடல் காருக்கு கிளியர் ஸ்ப்ரே அடித்தேன். ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளிபுள்ளியாக நிற்கிறது. உரித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். டப்பாவை ரொம்பத் தள்ளிப் பிடித்திருப்பீர்கள். துளிகள் பாதி காய்ந்தே விழுந்திருக்கும். மூன்று நான்கு கோட் இருந்தால் காப்பாற்றிவிடலாம். ஒரு வாரம் காயட்டும். 2000 நம்பர் வாட்டர் பேப்பரை சோப்புத் தண்ணீரில் நனைத்து, மினுக்கம் முழுக்கப் போய் ஒரே சீராக மங்கும்வரை மெல்லத் தேயுங்கள். எங்காவது குட்டிப் புள்ளி மினுங்கினால் அது பள்ளம். இன்னும் தேய்க்க வேண்டும். பானெட் மடிப்பு, கதவு விளிம்பில் மட்டும் கை வைக்காதீர்கள். அங்கே கிளியர் மெலிசு, கலர் கிளம்பிவிடும். பிறகு தமியா காம்பவுண்ட்: கோர்ஸ், ஃபைன், ஃபினிஷ். அடுத்த காருக்கு ஒன்று: டீக்கால் மேல் தமியாவின் டிஎஸ்-13 கிளியரை எடுத்த எடுப்பில் ஈரமாக அடித்தால் சுருங்கிவிடும், முதலில் தூவல்தான். மழை நாளில் டப்பாவைத் தொடவே வேண்டாம், வெள்ளை பூத்துவிடும்.