வாதத்திற்கு முன் நிய்யத்

உயிரினங்கள் படிப்படியாக மாறி வந்தன என்னும் பரிணாமக் கொள்கையை வேதத்தின் பெயரால் மறுப்போருக்கு விஞ்ஞானிகள் பதில் சொல்லத்தான் வேண்டுமா? அமெரிக்காவில் நெடுங்காலமாக எழுந்து வரும் கேள்வி இது. இதற்கு விடை நம் இமாம்களின் கிதாபுகளிலேயே உண்டு.

2005 மே மாதத்தில் கன்ஸாஸ் மாநிலக் கல்வி வாரியம் இதுபற்றி விசாரணை நடத்தியது. மறுப்போர் வந்து பேசினர். விஞ்ஞானிகளோ, “முடிவை முன்பே எழுதி வைத்துக்கொண்டு கூட்டிய சபை” என்று புறக்கணித்தனர். அதே ஆண்டு பென்ஸில்வேனியாவில் டோவர் என்ற ஊரின் பள்ளி வாரியத்தின்மீது வழக்கு நடந்தபோது விஞ்ஞானிகள் சாட்சிக் கூண்டில் ஏறினர். அவர்களில் முதல்வரான கென்னத் மில்லர், இறைநம்பிக்கையுள்ள ஒரு கத்தோலிக்கர். இரு தரப்பாரும் குறுக்கு விசாரணைக்கு உட்பட்டனர். டிசம்பர் 20-ல் தீர்ப்பு விஞ்ஞானிகளின் பக்கம் வந்தது.

ஓரிடத்தில் மௌனம், ஓரிடத்தில் பதில்! இது முரண்பாடா?

இல்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் முனாளராவுக்குச் சில ஷர்த்துகளைச் சொல்கிறார்கள். காணாமற்போன பொருளைத் தேடுபவனைப்போல ஹக்கைத் தேட வேண்டும். அது தன் கையில் கிடைத்தாலும் பிறர் கையில் கிடைத்தாலும் மகிழ வேண்டும். பெரிய சபையைவிடத் தனிமையில் பேசுவதையே விரும்ப வேண்டும். ஆகவே, கைதட்டலுக்காகக் கூட்டப்படும் மேடையை விட்டு விலகுவது கோழைத்தனமன்று. ஆனால், உண்மையாகவே ஐயம் கொண்டு கேட்கும் மாணவனை ஏளனம் செய்து விரட்டுவது பெரும் தவறு. அறியாமைக்கு மருந்து கேட்டறிவதே என்பது நபி (ஸல்) அவர்களின் போதனையாகும் (அபூதாவூத்).

சகோதரர்களே! நமக்கும் இதில் பாடமுண்டு. ஆதம் (அலை) அவர்களை அல்லாஹ் மண்ணிலிருந்து படைத்தான் என்பது நம் ஈமான். அந்த ஈமானைக் காப்பது வேறு. படித்தறியாத கலையை மிம்பரில் நின்று மறுப்பது வேறு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் பக்தாதில் பாடம் நடத்திக்கொண்டே, ஓய்வு நேரங்களில் இரண்டாண்டுக்குச் சற்றுக் குறைவாகத் தத்துவ நூல்களைக் கற்ற பின்னரே ‘தஹாஃபுத்’ எழுதினார்கள். அதன் முன்னுரையிலும், கணக்கால் நிரூபணமான கிரகணத்தை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவன் மார்க்கத்துக்கே தீங்கு செய்கிறான் என்று எச்சரித்தார்கள். அறிவில்லாததைப் பின்தொடர வேண்டாம் என்பது குர்ஆனின் கட்டளை (17:36).

நாளை உங்கள் மகன் கல்லூரியிலிருந்து இக்கேள்வியோடு வருவான். அவன் வாயை அடைக்காதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, அவனோடு சேர்ந்து தேடுங்கள். வாயடைக்கப்பட்ட பிள்ளை கேள்வியை விடுவதில்லை. உங்களிடம் கேட்பதைத்தான் விடுவான்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் பயனுள்ள இல்மைத் தந்தருள்வானாக! ஆமீன்.